மாஸ்டரின் விரலில் இருந்த கட்டி

கேள்வி: என் கணவர் சிறிய அளவில் கேட்டரிங் செய்கிறார். போன மாதம் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் பால்கோவா செய்தோம். ராத்திரி கிளறி இறக்கி, பெரிய தாம்பாளத்தில் ஆறவைத்து, மாஸ்டர் கையால் பிசைந்து மூடிவைத்தார். காலையில் ஆவி பறக்கச் சூடு செய்துதான் பரிமாறினோம். சாப்பிட்ட மூன்று மணி நேரத்தில் இருபது பேருக்கு வாந்தி. சூடு செய்யாமல் எடுத்துவைத்திருந்த பங்கையும் மாஸ்டரின் விரலில் இருந்த கட்டியையும் பரிசோதித்தார்கள். இரண்டிலும் 'ஸ்டாஃப் ஆரியஸ், எஸ்.இ.ஏ. ஜீன் பாசிட்டிவ்' என்று ரிப்போர்ட். சூடு செய்தும் எப்படி இப்படி ஆனது? பன்னிரண்டு வருஷமாக எங்களோடு இருப்பவரை நிறுத்திவிடச் சொல்கிறார்கள் சொந்தக்காரர்கள். என்ன செய்வது, டாக்டரம்மா?
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: அவரை நிறுத்தாதீர்கள், அம்மா. மற்றதெல்லாம் அப்புறம்.

ஸ்டாஃப் ஆரியஸ் என்ற இந்தக் கிருமியோடு முப்பது வருஷம் லேபில் உட்கார்ந்தவள் நான். சின்னக் குழாயில் முயலின் பிளாஸ்மாவை ஊற்றி, கிருமியைக் கலந்து 37 டிகிரியில் வைப்போம். சில மணி நேரம் கழித்துக் குழாயைச் சாய்த்தால் தண்ணீராக இருந்தது உறைதயிர் மாதிரி அசையாமல் நிற்கும். ஸ்டாஃப் ஆரியஸ்தான் என்று அப்போது எழுதுவோம். ஆசைக்கு என் மூக்கிலிருந்தே ஒரு முறை ஸ்வாப் எடுத்து வளர்த்துப் பார்த்தேன். தட்டில் பொன்னிறப் புள்ளிகள் வந்தன. பத்துப் பேரில் மூன்று பேர் மூக்கில் இது குடியிருக்கிறது. அவர்களையெல்லாம் வேலையை விட்டு அனுப்ப முடியுமா?

எஸ்.இ.ஏ. என்பது 'என்டரோடாக்சின் ஏ' என்ற நஞ்சைச் செய்வதற்கான ஜீன். எல்லா ஸ்டாஃபிலும் அது இருப்பதில்லை. பாக்டீரியாவைத் தாக்கும் ஒருவகை வைரஸ் அதைச் சுமந்து வந்து கிருமிக்குள் ஒட்டிவிட்டுப் போகிறது. ஜீன் இருக்கிறது என்றால் அந்தக் கிருமிக்கு நஞ்சு செய்யத் தெரியும் என்று மட்டும்தான் அர்த்தம். செய்ததா என்பது வேறு கேள்வி. அதற்குக் கிருமி பெருக வேண்டும். பெருக வெதுவெதுப்பும் நேரமும் வேண்டும்.

1914இல் பிலிப்பைன்ஸில் பார்பர் என்ற ஆய்வாளர் இதைத் தன் உடம்பிலேயே கண்டுகொண்டார். மடி நோய் வந்த பசுவின் பால் அது. கறந்த சூட்டில் குடித்தபோது ஒன்றும் ஆகவில்லை. அதே பசுவின் பாலை வெளியில் சில மணி நேரம் வைத்துவிட்டுக் குடித்தபோது வாந்தி. உங்கள் தாம்பாளத்திலும் ராத்திரி முழுக்க நடந்தது அதுதான். பால்கோவாவில் இருக்கும் சர்க்கரைக்கு மற்ற கிருமிகள் பல திணறும். ஸ்டாஃப் அதையும் தாக்குப்பிடிக்கும்.

இனி சூட்டுக்கு வருகிறேன். காலையில் நீங்கள் சூடு செய்தபோது கிருமி செத்திருக்கும். அது செய்துவைத்த நஞ்சு போகவில்லை. அரை மணி நேரம் கொதித்தாலும் அந்த நஞ்சு தாங்கும். 2000ஆம் ஆண்டு ஜப்பானில் 'ஸ்னோ பிராண்ட்' பாலைக் குடித்து ஒசாகா பக்கம் 13,000 பேருக்கு மேல் படுத்தார்கள். மூலகாரணம் ஹொக்கைடோவில் ஒரு பால் பவுடர் ஆலையில் கரன்ட் போய், பால் சில மணி நேரம் சூடு ஆறாமல் நின்றது. பிறகு பதப்படுத்தியதில் கிருமி செத்தது, நஞ்சு பவுடரோடு ஒசாகா பாலில் போய்ச் சேர்ந்தது. ஒரு கிராமைக் கோடிப் பங்காக்கினால் வரும் ஒரு பங்குகூட ஒருவரைப் படுக்கவைக்கத் தேவைப்படவில்லை என்று கணக்கிட்டார்கள்.

ரிப்போர்ட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டிலும் ஒரே ஜீன் என்பதால் இரண்டும் ஒரே கிருமி என்று ஆகிவிடாது. எஸ்.இ.ஏ. பரவலாக இருக்கும் ஜீன். இரண்டும் ஒரே வகையா என்று தனியாகப் பார்க்க வேண்டும்; பால்கோவாவில் நஞ்சே இருந்ததா என்பதை எலைசா சோதனை சொல்லும். இருந்தாலும் கட்டியோடு கைவிட்டுப் பிசைந்திருக்கிறார் என்பதால், அவர் விரலிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அதை மறைக்க வேண்டாம். ஆனால் கட்டி இருந்தால் சம்பளத்தோடு லீவு என்று நீங்கள் சொல்லியிருந்தால், அவர் அன்றைக்கு வந்திருப்பாரா? அதை இனிமேல் சொல்லுங்கள். அப்புறம், இனிப்பை ஆழமில்லாத தட்டுகளில் பரப்பிச் சீக்கிரம் ஆறவிட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். பிசையக் கரண்டி போதும்.

கேள்வி: என் மகனுக்குத் தொடையில் கட்டி. சீழைப் பரிசோதித்ததில் ஸ்டாஃப் என்றார்கள். சாப்பாட்டைக் கெடுக்கும் அதே கிருமியா? கடையில் சாப்பிட்டதால் வந்ததா?
- வாசகர், தென்காசி

பதில்: பெயர் அதேதான். ஆனால் சாப்பாட்டால் வந்ததல்ல. தோலில் சிராய்ப்பு வழியாக நுழைந்திருக்கும். இளவயதினருக்குத் திரும்பத் திரும்ப வரும் கட்டிகளில் சில சமயம் பி.வி.எல். என்ற வேறொரு நஞ்சின் ஜீன்கள் இருக்கும். அது வாந்தி வரவழைக்காது. வெள்ளை அணுக்களைத் துளைத்துக் கொல்லும், அதனால்தான் அவ்வளவு சீழ். எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்ற ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது கட்டி வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். பையனின் துண்டை யாரும் எடுத்துத் துடைக்க வேண்டாம்.