வெளிநாட்டில் வாடகைக் கார் ஓட்டும் முன் காப்பீட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

முன்பதிவுச் சீட்டில் 'முழுக் காப்பீடு' என்று இருக்கும்போது வேறு எதையும் பார்க்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசியம் பார்க்க வேண்டும்.

ஐஸ்லாந்தில் ஒரு ஜல்லிச் சாலையில், எதிரே வந்த வண்டியின் சக்கரத்திலிருந்து தெறித்த கல் என் வாடகைக் காரின் முன்கண்ணாடியில் பட்டது. அப்போது மிளகளவு புள்ளிதான்; இரண்டு நாள் கழித்து வண்டியை ஒப்படைத்தபோது அது ஒரு சாண் நீள விரிசலாகியிருந்தது. ஊழியர் ஒப்பந்தத்தின் பின்பக்கத்தைத் திருப்பி, கண்ணாடி, டயர், அடிப்பகுதி ஆகியவற்றின் சேதம் இதில் சேராது என்ற வரியைக் காட்டினார். கையெழுத்திட்ட நாளில் அந்தப் பக்கத்தை நான் படிக்கவில்லை. புதுக் கண்ணாடியின் முழு விலையையும் நானே கட்டினேன்.

வாடகையுடன் வருவது பெரும்பாலும் இரண்டு வகைப் பாதுகாப்பு. மூன்றாம் நபர் காப்பீடு, நீங்கள் பிறருக்கு ஏற்படுத்தும் காயத்துக்கும் சேதத்துக்கும் உரியது. மற்றொன்று, அந்தக் காருக்கே சேதம் நேர்ந்தால் குறிப்பிட்ட தொகைக்கு மேல் உங்களிடம் கேட்பதில்லை என்று நிறுவனம் தரும் உறுதி. 'எக்ஸஸ்' எனப்படும் அந்தத் தொகை வரையிலான செலவு உங்களுடையதுதான் என்பதால், நான் இப்போது வாடகையைவிட முதலில் அதைத்தான் பார்க்கிறேன். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாத ஒருவர் ஓட்டினாலோ, மது அருந்தி ஓட்டினாலோ, தடை செய்யப்பட்ட பாதையில் சென்றாலோ இந்த உறுதி பொதுவாகச் செல்லாது. ஐஸ்லாந்தில் ஜல்லிக்கும், காற்றில் பறந்து வண்ணப்பூச்சை உரிக்கும் மணலுக்கும் சாம்பலுக்கும் தனித்தனிப் பாதுகாப்பே விற்கிறார்கள்; அந்த மண்ணைப் பார்த்தவர்களுக்கு அது வீண் செலவாகத் தோன்றாது.

சொந்தக் காரில் எல்லை கடப்பதானால், பாலிசி அந்த நாட்டிலும் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஐரோப்பாவிலும் அதையொட்டிய சில நாடுகளிலும் இதற்கான சான்று 1953 முதல் நடைமுறையில் உள்ள பச்சை அட்டை.

சர்வதேச ஓட்டுநர் அனுமதி என்பது உங்கள் உரிமத்தின் மொழிபெயர்ப்பு போன்றதே. அசல் உரிமம் இல்லாமல் அது செல்லாது. அது சாலைப் போக்குவரத்து குறித்து நாடுகள் செய்துகொண்ட எந்த ஒப்பந்தத்தின்படி வழங்கப்பட்டது என்பதையும் பாருங்கள். 1949 ஜெனீவா ஒப்பந்தத்தின்படி தரப்படும் அனுமதியை ஏற்கும் ஜப்பான், 1968 வியன்னா ஒப்பந்தத்தின்படி தரப்படுவதை ஏற்பதில்லை. உரிய உரிமம் இல்லாமல் ஓட்டி விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக் கோரிக்கையே நிராகரிக்கப்படலாம்.

நீண்ட விமானப் பயணத்துக்குப் பின், கண் எரியும் நிலையில், வரிசையில் நின்றபடி யாராலும் நான்கு பக்க ஒப்பந்தத்தைப் படிக்க முடியாது. எனவே அதை மின்னஞ்சலில் முன்கூட்டியே கேட்டுப் பெறுங்கள். சாவி கைக்கு வந்ததும் சக்கர விளிம்புகள், முன்கண்ணாடியின் நான்கு மூலைகள், எரிபொருள் முள் ஆகியவற்றை நேரம் பதிவாகும்படி படமெடுத்து, அங்கிருந்தே அந்த நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டு வண்டியை எடுங்கள்.