கிலோமீட்டரை விடுங்கள், மண்ணைப் பாருங்கள்

இங்கிலாந்தின் காட்டுப் பாதைகளிலும் மேட்டு நிலங்களிலும் கிராவல் சைக்கிள் (சரளை, மண் பாதைகளுக்கான அகல டயர் சைக்கிள்) ஓட்டுவது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த முறை பதில்.

கே: பல வருடம் ரோடு பைக் ஓட்டிவிட்டு இப்போதுதான் 40 மி.மீ. டயர் போட்ட கிராவல் பைக் வாங்கினேன். நவம்பரில் சசெக்ஸ் வீல்ட் பக்கம் 50 கி.மீ. போகலாம் என்று கிளம்பினால், சேறு அப்பிச் சக்கரமே சுற்றவில்லை. பாதி வழி தள்ளிக்கொண்டுதான் வந்தேன். செயலியில் கிராவல் பாதை என்றுதான் காட்டியது. கோளாறு பைக்கிலா, என்னிடமா?
– வாசகர், ரெடிங்

ப: இரண்டிலும் இல்லை, மண்ணில்தான். நார்த் டவுன்ஸ், சவுத் டவுன்ஸ் என்ற இரண்டு சுண்ணாம்பு மேட்டுத் தொடர்களுக்கு நடுவே கிடக்கும் வீல்டில் நிறைய இடம் களிமண். இலையுதிர் காலத்து மழை பிடித்துவிட்டால் தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் மேலேயே நிற்கும், அதைக் குதிரைகள் மிதித்து மிதித்துப் பாதை குழம்பாகிவிடும், அப்புறம் வசந்தம் வந்து நாலு நாள் நல்ல வெயில் அடிக்கும்வரை அது சரியாகாது. செயலிக்கு அது எந்த மாதம் என்பதெல்லாம் தெரியாது.

நான் ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்ப்பது தூரத்தை இல்லை, ஏற்றத்தைக்கூட இல்லை. அடியில் என்ன மண், இப்போது என்ன பருவம், இந்த இரண்டும்தான். குளிர்காலத்துக்கு மணல் நிலம் நல்லது, ஏனென்றால் மழையை உடனே உள்ளே இழுத்துக்கொள்ளும். லீத் ஹில்லைச் சுற்றிய சர்ரே மேடுகள், நார்ஃபோக்–சஃபோக் எல்லையில் தெட்ஃபோர்டு காடு, உங்களுக்குப் பக்கத்திலேயே பிராக்னெல் அருகில் ஸ்வின்லி காடு. ஜனவரியிலும் இங்கே ஓட்டலாம். (கோடை வறட்சியில்தான் இதே மணல் உதிர்ந்து முன்சக்கரத்தை இழுக்கும்.) பழைய இரயில் தடங்களும் குளிர்காலத்துக்கு ஏற்றவை. கில்ட்ஃபோர்டு அருகிலிருந்து ஷோரம் வரை 59 கி.மீ. ஓடும் டவுன்ஸ் லிங்க் நீங்கள் சிக்கிக்கொண்ட அதே வீல்டைத்தான் குறுக்கே கடக்கிறது, ஆனால் இரயிலுக்காக உயர்த்திப் போட்ட தடம் என்பதால் அங்கங்கே குட்டை தேங்கினாலும் சக்கரம் சுற்றும்.

சுண்ணாம்பு மேடுகளை மே முதல் செப்டம்பர் வரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரிலிருந்து கோரிங் அண்ட் ஸ்ட்ரீட்லி நிலையத்துக்கு இரயில் இருக்கிறது. ஆற்றைத் தாண்டி ஸ்ட்ரீட்லியிலிருந்து மேற்கே ஏறினால் ரிட்ஜ்வே என்னும் பழைய மேட்டுப் பாதை, அங்கிருந்து ஏவ்பரி அருகே ஓவர்ட்டன் ஹில் வரை சைக்கிள் போகலாம். வழியில் அஃபிங்டன் மலைச்சரிவில் வெட்டிய வெள்ளைக் குதிரை உருவம், வேலண்ட்ஸ் ஸ்மிதி என்னும் புதிய கற்காலக் கல்லறை, இரண்டு பக்கமும் கோதுமை வயல். காய்ந்த நாளில் அந்த வெள்ளைப் பாதை கெட்டியாக, வேகமாக இருக்கும், இங்கிலாந்தில் இதைவிட எனக்குப் பிடித்த ஓட்டம் கிடையாது. மழை பெய்தால் மேல்பரப்பு வழுக்கத் தொடங்கும், வெள்ளைக் குழைவு டயரோடு ஏறி ஃபோர்க்கின் உள்பக்கம் அடைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும், காய்வதற்குள் கழுவிவிடுங்கள். காய்ந்தபின் அதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

கே: கிராமத்து நடைபாதை ஒன்றில் நாங்கள் நான்கு பேர் ஓட்டிப் போனபோது ஒரு பெரியவர் நிறுத்தி, இங்கே சைக்கிள் வரக்கூடாது என்றார். நாங்கள் மெதுவாகத்தான் போனோம். அவர் சொன்னது சரியா?
– வாசகி, ஹேரோ

ப: சரிதான். மெதுவாகப் போனாலும் அது நடப்பவர்களின் பாதை. கம்பங்களில் இருக்கும் அம்புக்குறியைப் பாருங்கள்: மஞ்சள் என்றால் நடக்க மட்டும். நீலம் பிரைடில்வே, அதாவது குதிரைப் பாதை, அதில் சைக்கிள் போகலாம். ஊதா, சிவப்பு அம்பு இருந்தாலும் போகலாம், சிவப்பில் மோட்டார் வண்டியும் எதிரே வரும். பிரைடில்வேயில் நமக்கு உரிமை கிடைத்ததே 1968ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான், அதுவும் நடப்பவர்களுக்கும் குதிரையில் வருபவர்களுக்கும் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. யாரும் அந்தப் பாதையைச் சைக்கிளுக்காகச் செப்பனிட்டு வைக்க வேண்டும் என்ற கடமையும் இல்லை.

கிளம்பும் முன் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தில் பார்த்துவிடுங்கள். பச்சையில் சின்னச் சின்னக் கோடு நடைபாதை, நீளக் கோடு பிரைடில்வே. பொது அணுகல் நிலம் என்று பலகை இருந்தால் அங்கே எங்கும் ஓட்டலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த உரிமை காலால் நடப்பவர்களுக்குத்தான்.

கே: நானும் என் தம்பியும் ரோட்டில் ஒரே நாளில் 100 கி.மீ. ஓட்டுவோம். சவுத் டவுன்ஸ் வேயை இரண்டு நாளில் முடிக்கலாமா?
– வாசகர், கிராய்டன்

ப: முடிப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் முதல் தடவைக்கு மூன்று நாள் வையுங்கள். வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை 160 கி.மீ., மொத்த ஏற்றம் கிட்டத்தட்ட 4,000 மீட்டர். மீயான், அரன், அடர், ஊஸ், கக்மியர் என்று ஆறுகள் மேட்டை வெட்டிக்கொண்டு கடலுக்குப் போகின்றன, ஒவ்வொன்றுக்கும் நீங்கள் கீழே இறங்கி மறுபடி மேலே ஏற வேண்டும். தங்கும் விடுதிகளும் பெரும்பாலும் அடிவாரக் கிராமங்களில்தான், அதனால் காலையில் கால் சூடாவதற்கு முன்பே ஒரு செங்குத்து ஏற்றம் காத்திருக்கும். ரோட்டுக் கணக்கு இங்கே செல்லாது.

வின்செஸ்டரிலிருந்து கிழக்கே போங்கள், காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வரும், முதுகில் தள்ளும். வழி நெடுக அங்கங்கே தண்ணீர்க் குழாய்கள் இருக்கின்றன, வரைபடத்தில் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள், மேட்டில் நிழலும் கிடையாது கடையும் கிடையாது. அல்ஃப்ரிஸ்டனில் பாதை இரண்டாகப் பிரியும். செவன் சிஸ்டர்ஸ் பாறைகள் வழியாகப் போவது நடப்பவர்களுக்கு, நீங்கள் ஜெவிங்டன் வழியாக உள்ளே போக வேண்டும். இன்னொன்று, டவுன்ஸ் முழுக்கச் சிக்கிமுக்கிக் கல் பதிந்து கிடக்கும். உடைந்த கல்லின் விளிம்பு கத்தி போல டயரின் பக்கச் சுவரைக் கிழிக்கும், அந்த ஓட்டையை டியூப் இல்லாத (டியூப்லெஸ்) டயருக்குள் ஊற்றும் அடைப்புத் திரவம் அடைக்காது. டயருக்கு உள்ளே வைத்து ஒட்டும் பட்டை ஒன்றும் மாற்று டியூப் ஒன்றும் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

கே: டயரில் எவ்வளவு காற்று?
– வாசகர், லூட்டன்

ப: 40 மி.மீ. டியூப்லெஸ், ஆள் 75 கிலோ என்றால் 35 பிஎஸ்ஐயில் தொடங்கிப் பாருங்கள். வேர்கள் மேல் துள்ளினால் இரண்டு குறையுங்கள், ரிம் தரையில் இடித்தால் இரண்டு கூட்டுங்கள்.

கே: பத்து வயது மகளோடு காட்டில் ஓட்ட ஆசை. ஆனால் குதிரைகளைக் கண்டால் அவளுக்குப் பயம், எனக்கும்தான். எங்கே போகலாம்?
– வாசகி, சவுத்தாம்ப்டன்

ப: நியூ ஃபாரஸ்ட் உங்களுக்கு வாசல்படி மாதிரி. இரயிலில் பிரோக்கன்ஹர்ஸ்ட் இறங்கினால் கொஞ்ச தூரத்திலேயே சரளைப் பாதைகள் தொடங்கிவிடும், கார் வராது, பெரிய ஏற்றமும் இல்லை. சைக்கிளுக்கு என்று குறித்த பாதைகளில் மட்டும்தான் ஓட்டலாம், சந்திப்புகளில் எண் போட்ட கம்பங்கள் இருக்கும், வரைபடத்தில் அதே எண்ணைப் பார்த்துத் திரும்பலாம். அந்த வேலையை மகளிடம் கொடுங்கள், அவளுக்குப் பயம் மறந்துபோகும்.

அங்கே மட்டக்குதிரைகள் பாதையிலேயே நிற்கும். நின்றுவிடுங்கள், அவை நகரும், இல்லையென்றால் தள்ளி வளைந்து போங்கள். தாய்க்கும் குட்டிக்கும் நடுவே மட்டும் புகாதீர்கள், உணவும் கொடுக்கக்கூடாது. ஆள் ஏறிய குதிரை முன்னால் போனால் தூரத்திலிருந்தே "ஹலோ" என்று குரல் கொடுங்கள், குதிரைக்கு மனிதக் குரல் பழக்கம், சத்தமில்லாமல் பின்னால் வரும் சக்கரத்துக்குத்தான் மிரளும். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பிலும் சாக்ஸ் ஓரத்திலும் உண்ணி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். பிறகு சில வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினால் உடனே குடும்ப மருத்துவரிடம் (ஜிபி) காட்டுங்கள், உண்ணிக் கடியால் வரும் லைம் நோய்க்கு ஆரம்பத்திலேயே மருந்து கொடுத்தால் நல்லது.

கே: சில்டர்ன்ஸ் காட்டில் புளூபெல் பூக்கும்போது ஓட்ட வேண்டும். எப்போது வரலாம்?
– வாசகர், வெம்பிளி

ப: ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம். பீச் மரங்கள் முழுசாக இலை விடுவதற்கு முன் வெளிச்சம் தரைக்கு வரும் அந்தக் கொஞ்ச நாளில்தான் பூக்கும், தாமதித்தால் மேலே பச்சைக் கூரை மூடிவிடும். மேரில்போனிலிருந்து வெண்டோவருக்கு இரயில் பிடியுங்கள். ரிட்ஜ்வே இங்கேயும் வருகிறது, ஆனால் கோரிங்கைத் தாண்டிக் கிழக்கே அதன் பல துண்டுகள் வெறும் நடைபாதை, பெயரை நம்பிப் போகாமல் நீல அம்பைப் பார்த்து ஓட்டுங்கள். எதிரே ஆள் வந்தால் ஓரம் கட்டுகிறேன் என்று பூவின் மேல் சக்கரத்தை ஏற்றாதீர்கள், பாதையிலேயே இறங்கி நில்லுங்கள். மிதிபட்ட இலை கிழங்குக்கு உணவு சேர்க்காமல் பட்டுப்போகும், அந்தச் செடி தேறி வர வருடக்கணக்கில் ஆகும்.