புளோக் எண்ணை வெட்டாதீர்கள்

கேள்வி: சிங்கப்பூரின் நீளமான வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளை எப்போது படம் எடுத்தால் வெளிச்சம் நன்றாக இருக்கும்? (ஈசூன் வாசகர்)

நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள், மாதத்தையும் பாருங்கள். வீட்டுக்குள் வெயில் அடிக்கக்கூடாது என்பதற்காகப் பெரும்பாலான புளோக்குகளின் நீண்ட முகம் வடக்கும் தெற்கும் பார்த்து நிற்கும். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் ஜூனில் வடக்கு முகத்தில் வெயில் விழும், டிசம்பரில் தெற்கு முகத்தில். காலை எட்டு மணி வாக்கில் போனால் வெயில் பக்கவாட்டில் உரசி, தாழ்வாரங்கள் வரி வரியாகத் தெரியும்.

கேள்வி: கட்டடம் பின்னால் விழுவதுபோல வருகிறது. அந்தச் சாய்வைச் சரிசெய்யும் டில்ட் ஷிஃப்ட் லென்ஸ் வாங்கட்டுமா? (பிடோக் வாசகி)

வேண்டாம். கேமராவை மேலே சாய்க்காதீர்கள். எதிரே இருக்கும் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் உச்சிக்கு ஏறுங்கள். ஐந்தாறு மாடி உயரத்திலிருந்து பன்னிரண்டு மாடி புளோக்கை நேருக்கு நேர் பார்க்கலாம்.

கேள்வி: தோ பாயோ புளோக்குகளை புரூட்டலிசம் என்று எழுதினேன். தவறா?

தவறுதான். புரூட்டலிசம் என்பது பூச்சில்லாத கான்கிரீட்டைக் காட்டும் கனத்த கட்டடப் பாணி. பெயிண்ட் பூசிய எளிய நேர்க்கோட்டு புளோக் மாடர்னிசம். கனத்த உருவத்தைப் பார்க்க 1974-இல் கட்டிய ஜூரோங் டவுன் ஹாலுக்குப் போங்கள். மேல் மாடிகள் கீழ் மாடிகளைவிட வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த அடிநிழல் கறுத்துவிடாமல் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) அரை ஸ்டாப் ஏற்றுங்கள்.

கேள்வி: பத்து வருடம் முன் எடுத்த படத்தை அனுப்பியிருக்கிறேன். எந்த இடம் என்று சொல்ல முடியுமா? (சுவா சூ காங் வாசகர்)

முடியாது. புளோக்கின் பக்கச் சுவரில் எண் பெரிதாக எழுதியிருக்கும். உங்கள் படத்தில் ஒரு எண்ணின் கீழ் வளைவு மட்டும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது 3-ஆகவும் இருக்கலாம், 5-ஆகவும் இருக்கலாம், 8-ஆகவும் இருக்கலாம். மீதியை நீங்களே வெட்டியிருக்கிறீர்கள். இதை எத்தனை முறை எழுதுவது? சில ஆண்டுக்கு ஒருமுறை நகர மன்றம் பெயிண்ட் மாற்றிவிடும், அப்புறம் நிறத்தை வைத்துத் தேட முடியாது. செர்ஸ் (பழைய புளோக்குகளை அரசு எடுத்து இடிக்கும் திட்டம்) வந்தால் புளோக்கே இருக்காது. தனியார் கட்டடமும் தப்பாது: 38 மாடி பேர்ல் பேங்க் அடுக்குமாடி 1976-இல் எழுந்தது, 2020-க்குள் தரைமட்டமானது. தங்லின் ஹால்ட்டின் பத்து மாடி புளோக்குகளுக்கு 2014-இல் செர்ஸ் அறிவிப்பு வந்தது. அங்கே முப்பது வருடம் குடியிருந்த ஓர் அம்மா, தன் வீட்டு ஜன்னல் தெரிகிற ஒரு படம் இருந்தால் போதும் என்று கேட்டார். என்னிடம் எண்பது படங்கள் இருந்தன. எந்த புளோக் என்று ஒன்றில்கூட நான் எழுதி வைக்கவில்லை. அவரை வெறுங்கையோடு அனுப்பினேன், இன்றும் மனசு ஆறவில்லை. எண், தெரு, தேதி மூன்றையும் எடுத்த அன்றே எழுதுங்கள்.

கேள்வி: டிரோன் விடலாமா?

250 கிராமுக்கு மேல் என்றால் முதலில் பதிவு செய்யுங்கள். விமான நிலையத்துக்கோ விமானப்படைத் தளத்துக்கோ 5 கிலோமீட்டருக்குள் என்றால் அனுமதி வேண்டும்.

கேள்வி: எதில் தொடங்குவது?

அங் மோ கியோ புளோக் 259. 1981-இல் வந்த வட்ட புளோக். வளைந்த சுவரில் வெயில் நகர்வதை ஒரு மணி நேரம் நின்று பாருங்கள், அப்புறம் எடுங்கள். கேமராவைச் சாய்க்காமல்.