பெரிய காலிபர் வேட்டைத் துப்பாக்கியின் உதையை எப்படித் தாங்குவது?

வேலை நிமித்தம் ஆப்பிரிக்காவில் இருப்பதாகவும், உங்கள் எடை 58 கிலோ என்றும், முதலாளி கொடுத்த .375 (இந்த எண்தான் காலிபர், குழலின் விட்டம் ஏறத்தாழ அத்தனை அங்குலம்) துப்பாக்கியை ஒரே ஒரு முறை சுட்டதில் தோள் நீலம் பாரித்துவிட்டதென்றும், அடுத்த வாரம் அவர் மறுபடியும் அழைக்கும்போது என்ன செய்வதென்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதாத ஒன்றையும் நான் ஊகித்துக்கொள்கிறேன்: தோள் வலியைக் காட்டிலும், சுற்றி நின்றவர்கள் சிரித்ததுதான் உங்களை அதிகமாக உறுத்துகிறது. அப்படி இல்லையென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள். எனக்கு அப்படித்தான் இருந்தது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வேட்டைக்காரன் அல்லன். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று வேட்டை என்பது பொழுதுபோக்கும் அல்ல, பெருமையும் அல்ல, அது குற்றம். பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நெல்லும் கடலையும் போடுகிற தமிழ்க் குடும்பம் எங்களுடையது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட அனுமதி வழங்கும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கேரள அரசு 2022 மே மாதத்தில் கொடுத்தபின், உரிமத் துப்பாக்கி வைத்திருக்கும் சிலரை ஊராட்சி அழைக்கிறது. அந்தச் சிலரில் நானும் ஒருவன். ஆகவே உயிர்களிடத்தில் அன்பு வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுக்க நினைப்பவர்கள், அறுவடைக்கு நான்கு நாள் முன்பு உழுது போட்டது போலக் கிடக்கும் ஒரு கடலைக்காட்டைப் பார்த்துவிட்டு வந்து எடுக்கலாம்.

இனி என் கதை. 2014-இல் சாம்பியாவின் தென்பகுதியில், சோமா நகருக்கு அருகே ஒரு பெரிய பண்ணையில் டீசல் மெக்கானிக்காக இருந்தேன். பண்ணைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்முடைய .375 துப்பாக்கியை எடுத்துவந்து, எட்டிய தூரத்தில் இருந்த ஆளுயரக் கறையான் புற்றைக் காட்டி, "சுடு" என்றார். சிறு வயதிலிருந்து பெரியப்பாவின் ஒற்றைக் குழல் பன்னிரண்டு போர் (bore, குழலின் அளவு) துப்பாக்கியைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால், எனக்குத் தெரியாததா என்ற மிதப்பு எனக்கு இருந்தது. பிக்கப் வண்டியின் முன்மூடி மீது சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் துப்பாக்கியைச் சாய்த்து, ஒரு நாற்காலியில் அமர்ந்து கூனிக் குறுகி ஸ்கோப்புக்குள் (குறிபார்க்கும் தொலைநோக்கிக்குள்) கண்ணை நுழைக்காத குறையாக வைத்துக்கொண்டு விசையை இழுத்தேன். சத்தம் கேட்டது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது, வலது புருவத்திலிருந்து சட்டைக் காலருக்கு இறங்கிய இரத்தமும், பின்னால் எழுந்த சிரிப்பும்தான். ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் பிறை போல வெட்டியிருந்தது. அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது.

அன்று நான் செய்த தவறுகளை எண்ணினால், உங்கள் கேள்விக்கான பதில் பெரும்பாலும் அதற்குள்ளேயே வந்துவிடும். ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் இடையே மூன்று நான்கு அங்குலமாவது இருக்க வேண்டும். நான் அதில் பாதிகூட விடவில்லை. உட்கார்ந்து முன்குனிந்து சுட்டதால் என் உடம்பு பின்னோக்கி அசைய வழியில்லாமல் போயிற்று. நின்று சுடுபவனின் இடுப்பும் முதுகும் மூங்கிலைப் போல வளைந்து கொடுத்து உதையை வாங்கிக்கொள்ளும். மேசையில் குனிந்திருப்பவனின் தோளும் கழுத்தும் மட்டுமே முழுவதையும் வாங்க வேண்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடிக்குப் பயந்து, துப்பாக்கிக் கட்டையைத் தோளிலிருந்து ஒரு விரற்கடை தள்ளியே பிடித்திருந்தேன். பயத்தில் எல்லோரும் செய்வது அதைத்தான். அந்த இடைவெளியில் கட்டை தடையின்றி வேகமெடுத்து வந்து சம்மட்டி போல இறங்கும். இறுக ஒட்டியிருந்தால் துப்பாக்கியும் உடம்பும் ஒரே பொருளாகப் பின்னால் நகரும், அடி தள்ளலாக மாறும். விடுமுறையில் ஊருக்கு வந்து புருவத்தைக் காட்டியபோது பெரியப்பா கேட்டது ஒரே கேள்விதான்: "கண்ணு, கட்டைக்கும் தோளுக்கும் நடுவுல காத்து போச்சா?" ஆமாம் என்றேன். வேறெதுவும் கேட்காமல் வயலுக்குப் போய்விட்டார்.

கணக்கையும் கொஞ்சம் பார்த்துவிடலாம், ஏனென்றால் உங்கள் தோள் நீலமானதற்கு உங்கள் உடல்வாகு காரணமில்லை என்பது அதில்தான் தெரியும். ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் 1912-இல் கொண்டுவந்த .375 மேக்னம், ஏறத்தாழ 19 கிராம் குண்டை நொடிக்கு 770 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது. குண்டோடு சேர்ந்து வெளியேறும் வெடிமருந்தின் வாயுவும் தன் பங்குக்குப் பின்னால் தள்ளுகிறது. இதற்கு எதிராக, 4 கிலோ எடையுள்ள துப்பாக்கி நொடிக்கு 5 மீட்டருக்குக் குறையாத வேகத்தில் உங்கள் தோளை நோக்கி வரும். உலகெங்கும் மான் வேட்டைக்குப் பயன்படும் .30-06-உடன் ஒப்பிட்டால், உதையின் ஆற்றல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. உங்கள் முதலாளி அடுத்து .458 அல்லது .470 போன்ற ஒன்றைக் கொடுத்தால் அது இன்னும் மேலே போகும். அவற்றின் குண்டு 32 கிராம். யானைக்கும் எருமைக்கும் .375-க்குக் குறைந்ததைப் பல ஆப்பிரிக்க நாடுகள் அனுமதிப்பதில்லை என்பதால் அங்குள்ளவர்களுக்கு இது அன்றாடப் பொருள்; நமக்கு அப்படியல்ல. அதே நேரத்தில், நம்மூர் ஒற்றைக் குழல் பன்னிரண்டு போரும் லேசுப்பட்டதன்று. 3 கிலோகூட இல்லாத அந்தத் துப்பாக்கி 30 கிராம் ஈயத்தைத் தள்ளும்போது கொடுக்கும் உதை .30-06-க்குச் சளைத்ததில்லை. துப்பாக்கியின் எடை கூடக்கூட உதை குறையும் என்பதால்தான் யானைத் துப்பாக்கிகளை 5 கிலோ, 6 கிலோ என்று செய்கிறார்கள். சுமக்க எளிதாக இருக்கும் என்று நம் கையில் இளைத்த துப்பாக்கியைக் கொடுப்பவர் நமக்கு நன்மை செய்யவில்லை.

புருவத்துக் காயம் பத்து நாளில் ஆறிவிட்டது. ஆறாதது வேறொன்று. அதன்பின் .22 துப்பாக்கியை எடுத்தாலும், விசையில் விரல் அழுந்தும்போதே கண் தானாக மூடிக்கொள்ளும், தோள் முன்னால் துள்ளும், குண்டு மண்ணில் போய் விழும். பண்ணையில் வழிகாட்டியாக இருந்த முதியவர் ஒருவர், என்னை விட மெலிந்தவர், என்னிடம் ஒன்றும் சொல்லாமல் துப்பாக்கியை வாங்கித் தாமே தோட்டா போட்டுக் கொடுத்தார். நான் விசையை இழுத்தேன். டக் என்ற ஒலி மட்டும் வந்தது, குழலின் முனையோ ஒரு சாண் கீழே குத்தியது. அவர் போட்டிருந்தது வெடிமருந்தே இல்லாத வெற்றுத் தோட்டா. உதைக்காத துப்பாக்கிக்கு நான் ஆடிய ஆட்டத்தை நானே பார்த்தபோது வந்த வெட்கம், அன்று அத்தனை பேர் சிரித்தபோதுகூட வரவில்லை.

அவருடைய மருந்தும் அதுவேதான். இரண்டு மாதம், வாரத்துக்கு ஒரு நாள், எது வெற்று எது நிறை என்று எனக்குத் தெரியாதபடி மாற்றி மாற்றிப் போட்டுக் கொடுத்தார். பெரும்பகுதி .22-இல்தான். குழல் அசையாமல் நின்ற பிறகே .375 கைக்கு வந்தது. அதுவும் ஒரு நாளைக்கு மூன்று தோட்டா, நான்காவது கேட்டால் தலையாட்டிவிடுவார். நின்றுதான் சுட வேண்டும், இடது கால் முன்னால், உடம்பின் பாரமும் முன்னால், கன்னம் கட்டையில் ஒட்டியிருக்க வேண்டும், இரண்டு கையும் துப்பாக்கியைத் தோளுக்குள் இழுத்துப் பிடிக்க வேண்டும். காதுக்கு மெழுகுப் பஞ்சும் அதன்மேல் காதுக்கவசமும் போடச் சொன்னார். பஞ்சு எதற்கென்று அப்போது எனக்குப் புரியவில்லை. நாம் உதைக்குப் பயப்படுவதாக நினைப்பதில் பாதி உண்மையில் சத்தத்துக்கான பயம் என்பது பழகப் பழகத்தான் தெரிந்தது. குழல் முனையில் துளையிட்ட கருவியைப் பொருத்தினால் உதை கணிசமாகக் குறையும் என்று சிலர் உங்களுக்குச் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் வாயு பக்கவாட்டில் பீறிடுவதால் சத்தம் இன்னும் கொடூரமாகும். அருகில் நிற்கும் வழிகாட்டியின் காதை நினைத்துப் பார்த்துவிட்டுப் பொருத்துங்கள். மேசையில் வைத்துக் குறி சரிபார்த்தே ஆக வேண்டுமென்றால், தோளுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு மணல் பையைக் கொடுங்கள், நிமிர்ந்து உட்காருங்கள். இரட்டைக் குழல் என்றால் பழகும்வரை ஒரு குழலில் மட்டும் தோட்டா போடுங்கள். முதல் உதையில் விரல் நழுவி இரண்டாவது விசையையும் அழுத்திவிட்டால் என்ன ஆகும் என்பதை எழுதிக் காட்டத் தேவையில்லை.

கட்டையின் நீளம் பற்றியும் சொல்ல வேண்டும், அதில் எனக்கு ஒரு வயிற்றெரிச்சலும் இருக்கிறது. கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வைத்தால் விரல் வசதியாக விசையை எட்ட வேண்டும்; இது தோராயமான அளவு என்றாலும் பெரும்பாலோருக்குப் போதும். குட்டையான கட்டையில் கட்டைவிரலே மூக்கில் வந்து குத்தும், நீளமானதில் கட்டை தோளில் சரியாக அமராது. பெரியப்பாவின் துப்பாக்கி (எங்கள் ஊரில் பாதிப் பேர் மலையாளத்தை ஒட்டி "தோக்கு" என்பார்கள்) என் கைக்குக் கொஞ்சம் குட்டை, ஆனால் அடியில் நல்ல ரப்பர் மெத்தை இருந்தது. உரிமம் என் பெயருக்கு மாறியபின் வந்த ஒரு தேர்தலுக்கு, வழக்கம் போலத் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தேன். ஒப்படைக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. திரும்பக் கிடைத்தபோது ரப்பர் மெத்தை பாதி பிய்ந்திருந்தது, திருகாணி ஒன்றைக் காணவில்லை, கேட்டதற்கு "கொடுத்தபோதே இப்படித்தான் இருந்தது" என்றார்கள். அந்த வாரமே பன்றிக்கு அழைப்பு வந்தது. வெறும் மரக்கட்டையோடு வரப்பில் நின்று சுட்டேன். சுட்டபோது ஒன்றும் தெரியவில்லை, எதிரே மிருகம் நிற்கையில் யாருக்கும் தெரிவதில்லை. மறுநாள் காலையில் பல் துலக்கக் கை எழவில்லை. கடைசியில் பொள்ளாச்சியில் ஒரு செருப்புத் தைப்பவர், செருப்புக்குப் போடும் ரப்பரை இரண்டு அடுக்காக ஒட்டி, மேலே தோல் சுற்றி, ஒரு விரல் கனத்தில் மெத்தை செய்து கொடுத்தார். கட்டை அந்த ஒரு விரல் நீண்டதில் என் கைக்கும் சரியாக அமைந்துவிட்டது. அதற்குப் பிறகு தோள் கருத்ததில்லை.

உங்கள் 58 கிலோவைப் பற்றி: நான் அன்று 61. எடை குறைந்தவன் உதையோடு சேர்ந்து பின்னால் போகிறான், அதனால் அவனுக்கு வலி கூடுதல் என்று சொல்ல முடியாது. அசையாமல் நின்று காட்டுவேன் என்று விறைக்கும் பருத்த ஆளுக்குத்தான் முழு அடியும் விழும். நீலம் முற்றிலும் மறையும்வரை பெரிய துப்பாக்கியைத் தொடாதீர்கள். அடுத்த வாரம் முதலாளி அழைக்கும்போது .22 இருக்கிறதா என்று கேளுங்கள், இரண்டு மூன்று வெற்றுத் தோட்டாவும் கேளுங்கள். அதற்கும் சிரிப்பார்களானால், அதே வெற்றுத் தோட்டாவைச் சொல்லாமல் அவர்கள் துப்பாக்கியில் போட்டுக் கொடுத்து, குழல் முனை எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள்.