வண்டிப்பாதைப் புறம்போக்கு என்றால் என்ன? பக்கத்து நிலத்துக்காரர் அதை அடைக்கலாமா?

வருவாய்த்துறைப் பதிவேட்டில் 'வண்டிப்பாதை' என்று குறித்திருக்கும் பொது நிலம்தான் இது. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகளுக்கு நடுவே செம்மண்ணில் இரண்டு சக்கரத் தடம் ஓடுமே, அது போல. உள்ளே கிடக்கும் வயலுக்கும் சுடுகாட்டுக்கும் பல ஊர்களில் வேறு வழியே கிடையாது. அதனால்தான் நிலம் அளந்தபோதே தனியாக இடம் விட்டார்கள். ஒண்டுக்குடித்தனத்தில் கிணற்றடிக்குப் போகும் நடை மாதிரி. யார் வாசலை ஒட்டிப் போனாலும் அது அவர் சொத்தில்லை. முள்வேலி போட்டு அடைத்தால், 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி வருவாய்த்துறை நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம். முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டையும் (எந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் பதிவேடு) புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) பாருங்கள், சண்டை அப்புறம்.

புல் மண்டி, ஆள் நடமாட்டம் நின்றுவிட்டால் பாதை தானாகப் பட்டா நிலமாகிவிடும் என்பார்கள். ஆகாது.