கிரீடமும் மாவுக்கையும்

அன்புள்ள அக்கா,

நாமக்கல் பக்கம் ஒரு நர்சரி பள்ளியில் யுகேஜி மிஸ் நான். கிருஷ்ண ஜெயந்திக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் வாடகை டிரெஸ், ஜிகினா கிரீடம், பிளாஸ்டிக் புல்லாங்குழல். வெயிலில் நிற்க வைத்து போட்டோ எடுத்து, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். மறுநாள், ‘நேத்து என்ன பண்டிகை?’ என்று கேட்டதற்கு ‘ஃபேன்சி டிரெஸ் மிஸ்’ என்றார்கள். அடுத்து நவராத்திரிக்குக் கொலு வைக்கச் சொல்கிறார் தாளாளர். வகுப்பில் முஸ்லிம், கிறிஸ்தவப் பிள்ளைகளும் உண்டு. இந்த வயதில் பண்டிகையை வைத்துப் பண்பாட்டைச் சொல்லிக்கொடுக்க முடியுமா, இல்லை எல்லாம் பெற்றோரைத் திருப்திப்படுத்தத்தானா?

க.

அன்புள்ள க.,

பிள்ளைகள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு அன்று நடந்தது ஃபேன்சி டிரெஸ்தான்.

அதே பண்டிகை வீட்டில் எப்படி நடக்கிறது? அரிசிமாவைக் கரைத்து, கையை மூடி அதில் தோய்த்து, வாசலிலிருந்து பூஜை அறை வரை கண்ணன் பாதம் பதிப்பார்கள். மேலே ஐந்து விரல் பொட்டு. நாலு வயசுப் பிள்ளை வைத்த பாதம் கோணலாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த வருஷம் மாவுக் கிண்ணத்தைத் தேடி அதுவே வரும். பள்ளிக்கூடம் இதை விட்டுவிட்டுக் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டது. போட்டோவில் கிரீடம்தானே எடுப்பாக இருக்கும்!

என்னைக் கேட்டால், சின்னப் பிள்ளைக்குப் பண்டிகை என்பது அதற்கு முன்னால் நடக்கிற வேலைதான். அந்த வகையில் கொலு உங்களுக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு. ஒன்றே ஒன்று, ஞாயிற்றுக்கிழமை மிஸ்கள் எல்லாம் கூடி அடுக்கிவிட்டு, திங்கட்கிழமை பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ‘தொடாதே’ என்று காட்டாதீர்கள்.

மூன்று படி போதும். கைக்கு எட்ட வேண்டும். பெஞ்சை அடுக்கி வெள்ளை வேட்டி விரித்தால் ஆயிற்று. மரப்பாச்சி ஜோடிக்கு உடுத்திவிடும் வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள், துண்டுத்துணி மட்டும் கொடுங்கள். செட்டியார் பொம்மை இருந்தால் அவர் மளிகைக் கடைக்குச் சரக்கு நிரப்பட்டும். துவரை எது, உளுந்து எது, கடலைப்பருப்பு எது என்று அங்கேயே சண்டை வரும், வரட்டும். மூக்கில் போட்டுக்கொள்கிற வயசு என்பதால் பக்கத்தை விட்டு நகராதீர்கள்.

கொலுவுக்கு மூன்று நாள் முன்னால் தட்டில் மண் பரப்பி கேழ்வரகும் கடுகும் தூவச் சொல்லுங்கள். கொலுப் பூங்காவுக்குப் பச்சை அதுதான். தண்ணீர் தெளிக்க ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளை.

மண் பொம்மை ஒன்றாவது வேண்டும். பண்ருட்டியோ மதுரைப் பக்கத்து விளாச்சேரியோ, எந்த ஊருடையதானாலும் சரி. அதைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டுங்கள். மேலே பட்டுப்புடவையும் நகையுமாக மினுக்குகிற அம்மன், அடியில் பார்த்தால் சாயம் படாத வெறும் மண், உள்ளே பொள்ளல். முன்பாதி ஓர் அச்சு, பின்பாதி ஓர் அச்சு, இரண்டையும் சேர்த்து ஒட்டியது. ‘யார் செஞ்சது மிஸ்?’ என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அப்போது குயவரைப் பற்றிச் சொல்லுங்கள். மகிஷாசுரன் கதையை இரண்டு நிமிஷத்தில் முடித்துவிடலாம். இந்த வயசுக்குச் சிங்கம் போதும்.

சுண்டல் ஒரு நாள் கொண்டைக்கடலை, ஒரு நாள் காராமணி, ஒரு நாள் மொச்சை என்று மாறட்டும். காலாண்டு விடுமுறை குறுக்கே வந்தால் நாலைந்து நாள் கொலுவே தாராளம். வருஷத்துக்குப் பன்னிரண்டு விழா எடுப்பதை விட இரண்டை இப்படி எடுப்பது மேல்.

மற்ற மதத்துப் பிள்ளைகள் விஷயம். பூஜையையும் கொலுவையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில், பாதுகாவலர் சம்மதமில்லாமல் ஒரு குழந்தையை வழிபாட்டில் கலந்துகொள்ள வைக்கக் கூடாது என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவே சொல்கிறது. சட்டம் கிடக்கட்டும், முன்கூட்டியே அந்தப் பெற்றோரிடம் நேரில் பேசிவிடுங்கள், டைரியில் சீட்டு ஒட்டி அனுப்பாதீர்கள். பொம்மை அடுக்க, முளைக்குத் தண்ணீர் தெளிக்க, சுண்டல் தின்ன அநேகமாக யாரும் தடை சொல்லமாட்டார்கள். கீழ்ப்படியில் கிரிக்கெட் டீமும் கல்யாண ஊர்வலமும் வைக்கிற ஊர் இது. எந்தப் பிள்ளை கொண்டுவரும் பொம்மைக்கும் அங்கே இடமிருக்கும். ‘வேண்டாம்’ என்று ஒரு வீட்டார் சொன்னால் ஏன் எதற்கு என்று கிளறவேண்டாம். அந்தப் பிள்ளையைத் தனியாக உட்கார வைத்துவிடவும் கூடாது, உங்கள் பக்கத்திலேயே ஏதாவது வேலை கொடுங்கள்.

கடைசி நாள் வேலையையும் மறக்காதீர்கள். விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, மறுநாள் எல்லாவற்றையும் பழைய துணியில் சுற்றிப் பெட்டியில் வைப்பது வழக்கம். நீங்கள் பள்ளி திறக்கும் நாளில் செய்துகொள்ளலாம். சுற்றுகிற வேலையைப் பிள்ளைகள்தான் செய்யவேண்டும். ஒன்றிரண்டு உடையும், அதற்காகத் திட்டக்கூடாது. விலை கூடிய தசாவதார செட் தாளாளர் அறையிலேயே இருந்துவிட்டுப் போகட்டும்.

அன்புடன்,
அக்கா