பல்லு புடுங்கி மூணாவது நாள் வலி கூடுனா என்ன செய்யணும்?

கம்பத்துல இருந்து தினம் ஜீப்ல கம்பமெட்டு ஏறி வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போற ஒரு அக்கா கேட்டிருக்காங்க. சனிக்கிழமை கீழ் கடவாய்ப்பல்லை எடுத்தாங்களாம், ஞாயித்துக்கிழமை பரவால்லையாம், செவ்வாக்கிழமை காது வரைக்கும் வலி இழுக்குதாம், பல்லு எடுத்த அன்னைக்கு ராத்திரியில இருந்தே உப்புத்தண்ணி கொப்பளிக்கிறாங்களாம், எப்ப வேலைக்குப் போலாம்னு கேள்வி.

அக்கா, அந்தக் கொப்பளிப்புதான் எனக்கு உறுத்துது. பல்லு எடுத்த குழியில ரத்தம் கட்டியா உறைஞ்சு நிக்கும் பாருங்க, உள்ள இருக்குற எலும்புக்கும் நரம்புக்கும் அதுதான் மூடி, அதனாலதான் முதல் 24 மணி நேரம் கொப்பளிக்காதீங்க, துப்பாதீங்க, ஸ்ட்ரா போட்டு எதையும் உறிஞ்சாதீங்கன்னு சொல்றோம். வாய்க்குள்ள வேகமா இழுத்தாலே கட்டி பேந்துரும். வெத்தலை புகையிலை போட்டு துப்பிக்கிட்டே இருக்குறதும், பீடி சிகரெட்டும் இதே வேலையத்தான் பண்ணும்.

சாதாரண வலி, வீக்கம் ரெண்டு மூணு நாள் இருந்துட்டு இறங்கணும். குறையுற வலி மூணாவது நாள் திடீர்னு கூடி, காதுக்கும் நெத்திப்பொட்டுக்கும் ஏறி, வாய் நாத்தமும் அடிச்சா டிரை சாக்கெட்டா இருக்கலாம், அதாவது அந்த ரத்தக்கட்டி பேந்து குழி வெறுமையா ஆகிப்போறது. கண்ணாடியில டார்ச் அடிச்சுப் பாருங்க. கருஞ்சிவப்பா கட்டி நின்னா நல்லது, மேல வெள்ளையா மஞ்சளா ஆடை மாதிரி படிஞ்சிருந்தாலும் பயப்படாதீங்க, அது பெரும்பாலும் ஆறுறதுக்கான அடையாளம்தான், சீழுன்னு நெனச்சு குச்சியால நோண்டிராதீங்க. குழி வெறுமையா, அடியில எலும்பு தெரிஞ்சா இன்னைக்கே பல் டாக்டர்ட்ட போங்க, கழுவி மருந்து வச்சு அடைச்சாலே வலி நல்லா அடங்கும். மெடிக்கல்ல கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கி முழுங்குறது இதுக்கு வைத்தியமே இல்ல. கிராம்புத் தைலத்தை நேரா குழிக்குள்ள ஊத்துனா புண்ணு வெந்துரும், அதையும் விட்ருங்க.

டாக்டர் பாக்குற வரைக்கும் சாப்பாட்டுக்கு அப்புறம் மட்டும் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணியில அரை ஸ்பூன் உப்பு போட்டு, வாயில வச்சு தலையை இப்படி அப்படி சாச்சுட்டு அப்படியே ஒழுக விடுங்க, அவ்ளோதான். மட்டை அரிசிக் கஞ்சியை நல்லா குழைச்சு ஆற வச்சு குடிங்க, பொரியும் முறுக்கும் இப்போதைக்கு வேணாம், துணுக்கு குழிக்குள்ள போய் உக்காந்துக்கும்.

வேலைக்கு இந்த வலியோட போகாதீங்க, வலி அடங்குன மறுநாள் போலாம், ஆனா மூட்டை தூக்குறத இன்னும் சில நாள் தள்ளிப் போடுங்க. திரும்ப ரத்தம் கசிஞ்சா சுத்தமான பஞ்சுத்துணியை மடிச்சு குழி மேல வச்சு அரை மணி நேரம் எடுக்காம கடிச்சுட்டு உக்காருங்க, நடுவுல நிக்குதான்னு எடுத்து எடுத்துப் பாக்கக் கூடாது. அப்படியும் நிக்கலன்னாலோ, காய்ச்சல், வாய் திறக்க முடியாம போறது, முழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டம்னாலோ விடியட்டும்னு காத்திருக்காம பெரியாஸ்பத்திரிக்குப் போயிருங்க. சுகர் மாத்திரையோ ரத்தம் உறையாம இருக்க மாத்திரையோ சாப்பிடுறீங்கன்னா நீங்களா நிறுத்திராதீங்க, அந்தச் சீட்டையும் கையில எடுத்துட்டுப் போய் டாக்டர்ட்ட காட்டுங்க.